இழுக்க ஒரு பிடி வேண்டும்: அண்ணப் பிளவும் ஒரு சின்னத் திருகாணியும்

பல்லுக்குக் கம்பி கட்டுவது என்றால் என்னவென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மீதிப் பாதிப் பேர் கம்பியோடுதான் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள் :-) இன்றைய கட்டுரை கம்பியைப் பற்றியது அல்ல. அந்தக் கம்பி எதைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறது என்பதைப் பற்றியது. கேட்க அற்ப விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் இதற்குள் 150 வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் அந்தக் கதை துண்டு துண்டாக, வேறு வேறு அத்தியாயங்களில் கிடக்கிறது.

கொஞ்ச நாளைக்கு முன் எனக்கு ஆர்த்தோ பிரிவில் போஸ்டிங். 12 வயதுப் பையன் ஒருவன் அம்மாவோடு வந்திருந்தான். பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்திருந்தவன். கைக்குழந்தையாக இருக்கும்போதே இரண்டையும் தைத்திருக்கிறார்கள். 10 வயதில் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஈறில் இருந்த இடைவெளியை நிரப்பியிருக்கிறார்கள். இப்போது பிரச்சினை மேல்தாடை. அது வளராமல் உள்ளே நின்றுவிட்டது, கீழ்த்தாடை முன்னே போய்விட்டது. மேல்தாடையை முன்னால் இழுக்க எலும்பில் ஒரு பிடி வைக்கலாம் என்று சீனியர் விளக்கினார். அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ இது நாலாவது ஆபரேஷனா சார்?"

வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேனே தவிர, என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் நியூட்டன்

ஒரு பல்லை நகர்த்த வேண்டுமென்றால் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். பிடிபட்ட பல்லும் அதே விசையை எதிர்த்திசையில் வாங்கும். நியூட்டனின் மூன்றாம் விதி வாய்க்குள்ளும் செல்லும்! சேற்றில் நின்றுகொண்டு கயிறு இழுக்கும் போட்டியில் கலந்துகொண்டவர்களுக்கு இது புரியும். எதிராளி நம்மிடம் வருவதற்குப் பதில் நாம் அவரிடம் வழுக்கிக்கொண்டு போவோம். அதே கயிற்றை ஒரு பனைமரத்தில் கட்டிவிட்டால்? மரம் அசையாது. ஆர்த்தோடான்டிக்ஸில் இந்தப் பிடிமானத்துக்கு ஆங்கரேஜ் என்று பெயர். அந்தத் துறையின் வரலாற்றில் பெரும்பகுதி வாய்க்குள் ஒரு பனைமரத்தைத் தேடி அலைந்த கதைதான்.

சாதாரண வாயில் பெரிய கடைவாய்ப் பற்களைப் பிடியாக வைத்து ஓரளவு சமாளிக்கலாம். அண்ணப் பிளவு உள்ளவர்களிடம் அந்த வசதி குறைவு. பிளவு இருக்கும் பக்கத்தில் சில பற்கள் முளைப்பதே இல்லை. குறிப்பாக முன்பல்லுக்குப் பக்கத்துப் பல். முளைத்தவையும் கோணலாக, மெல்லிய எலும்பில் நிற்கும். மேல்தாடை ஒரே வளைவாக இல்லாமல் இரண்டு மூன்று துண்டுகளாக இருக்கும். அண்ணத்தைத் தைத்த தழும்பு வேறு எல்லாவற்றையும் உள்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். இழுக்க வேண்டிய பாரம் அதிகம், பிடித்துக்கொள்ள இருப்பதோ கொஞ்சம்.

அதனால்தான் நான் படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவாகிக்கொண்டே வந்தது. "பற்களை நம்பாமல் வேறெதையாவது பிடி" என்ற யோசனை வளர்ந்த முக்கியமான இடங்களில் எல்லாம் அண்ணப் பிளவு உள்ள ஒரு வாய் எங்கோ பக்கத்தில் இருந்திருக்கிறது.

ரப்பர் அண்ணம் செய்த சிற்பி

நியூயார்க்கில் நார்மன் கிங்ஸ்லி (1829–1913) என்றொரு பல் மருத்துவர் இருந்தார். சிற்பக் கலையிலும் கைதேர்ந்தவர். குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்துச் சுமார் 20 வருடம் ஆகியிருந்தபோது, அதாவது 1859-ல், மென்மையான ரப்பரில் ஒரு செயற்கை அண்ணத்தைக் கிங்ஸ்லி உருவாக்கினார். அண்ணம் பிளந்தவர்கள் பேசும்போது காற்று மூக்கு வழியாகப் போய்விடும். அந்த ஓட்டையை அடைத்து, பேச்சு புரியும்படி செய்வதுதான் நோக்கம். ஓட்டையை அடைக்கும் மூடிகள் அவருக்கு முன்பும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் அம்புரோவாஸ் பாரே, 1728-ல் பியர் ஃபோஷார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். தசையோடு சேர்ந்து அசையக்கூடிய மென்மையான அண்ணம் என்பதுதான் கிங்ஸ்லியின் சிறப்பு.

பாடப்புத்தகத்தில் இதே கிங்ஸ்லி இன்னொரு அத்தியாயத்திலும் வருகிறார். தலையைச் சுற்றிப் பட்டை கட்டி, பின்மண்டையைப் பிடிமானமாக வைத்து, துருத்திய முன்பற்களை உள்ளே இழுத்த முன்னோடிகளில் அவர் ஒருவர். வாய்க்குள் பனைமரம் கிடைக்கவில்லை, வாய்க்கு வெளியே தேடினார். 1880-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே வாய்க் குறைபாடுகளை 'இயந்திர அறுவை மருத்துவத்தின் ஒரு கிளை' என்று சொல்கிறது. பல் சீரமைப்பும் அண்ணப் பிளவும் அவர் மேசையில் ஒன்றாகவே இருந்தன. நாம்தான் பிற்பாடு இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்துக்கொண்டோம்.

தலைப்பட்டையில் ஒரு சிக்கல். குழந்தை கழற்றி வைத்துவிட்டால் வேலை நின்றுவிடும். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகவும் முடியாது. 1960-களின் இறுதியில் பிரான்ஸின் நான்ட் நகரில் ஜான் தெலேர் பரப்பிய ஃபேஸ் மாஸ்க்கும் அப்படித்தான். நெற்றியிலும் தாடையிலும் சாய்ந்து நின்று மேல்தாடையை முன்னால் இழுக்கும் சட்டம் அது. பிளவு உள்ள குழந்தைகளுக்கு மிகவும் உதவியது. ஆனாலும் உள்ளே ரப்பர் மாட்டும் கொக்கி பற்களில்தான் இருந்தது. தாடை கொஞ்சம் வந்தது. அதோடு பற்களும் சாய்ந்துகொண்டு வந்தன.

நாய்களிடம் தோற்றது, முயலிடம் ஜெயித்தது

எலும்பிலேயே ஆணி அடித்தால் என்ன? 1945-ல் கெய்ன்ஸ்ஃபோர்த், ஹிக்லி என்ற இரு அமெரிக்கர்கள் நாய்களின் கீழ்த்தாடையில் வைட்டாலியம் என்ற உலோகக் கலவையில் செய்த திருகாணிகளைப் பொருத்தி அதிலிருந்து பற்களை இழுத்துப் பார்த்தார்கள். யோசனை சரி. ஆனால் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் திருகாணிகள் எல்லாம் ஆடி விழுந்துவிட்டன. அந்தக் கதவு அதோடு பல வருடங்களுக்கு மூடிக்கொண்டது.

அடுத்த கதவு தற்செயலாகத் திறந்தது. 1952-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர்-இங்வர் பிரோனெமார்க் என்பவர் முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியக் குழாய் ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆராய்ச்சி முடிந்து குழாயைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. பல் மருத்துவ மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. தெரியாத பகுதி அடுத்து வருகிறது.

1965-ல் அந்த டைட்டானியம் முதன்முதலாக மனித வாய்க்குள் போனது. அந்த மனிதரின் பெயர் யோஸ்டா லார்சன், வயது 34. அண்ணப் பிளவோடும் தாடைக் குறைபாட்டோடும் பிறந்தவர். கீழ்த்தாடையில் பல்லே இல்லை. நான்கு டைட்டானிய வேர்களைப் பொருத்தி, அதன்மேல் செயற்கைப் பற்களை மாட்டினார்கள். 40 வருடங்களுக்கு மேல், 2006-ல் அவர் இறக்கும்வரை, அந்த வேர்கள் வேலை செய்தன.

லார்சனுக்கு வைத்தது பற்களை இழுக்க அல்ல, மெல்லத்தான். ஆனால் டைட்டானியம் வாயில் நிற்கும் என்று உலகம் நம்பியது அவரை வைத்துத்தான். இன்று அழகுக்காகக் கம்பி கட்டுபவர்களுக்கும் டைட்டானியத் திருகாணியை நம்பிப் பொருத்துகிறோம். அந்த நம்பிக்கைக்கு முதலில் தன் எலும்பைக் கொடுத்தவர் அண்ணப் பிளவோடு பிறந்த ஒருவர். நான் படித்த எந்த வகுப்புக் குறிப்பிலும் இந்த ஒரு வரி இல்லை.

கேட்க முடியாத நோயாளிகள்

இந்தக் கதையில் எல்லாமே பெருமைப்படும்படி இல்லை. 1975-ல் ஜார்ஜியாட், லேதம் இருவரும் ஒரு கருவியைப் பற்றி எழுதினார்கள். இரண்டு பக்கமும் பிளந்து பிறந்த கைக்குழந்தைகளுக்கு நடுத்தாடைத் துண்டு மூக்குக்குக் கீழே முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். உதட்டைத் தைப்பதற்கு முன் அதை உள்ளே கொண்டுவர வேண்டும். பிறந்து சில மாதமே ஆன குழந்தைக்குப் பிடிக்கப் பல் ஏது? எனவே கருவியை அண்ணத்து எலும்பிலேயே ஊசிகளால் பொருத்தி, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்கள். எலும்பைப் பிடிமானமாக்கிய கருவி சாதாரண வாய்களுக்குப் பரவலாக வருவதற்குப் பல வருடம் முன்பே இது நடந்துவிட்டது.

துண்டுகள் அழகாகச் சேர்ந்தன. குழந்தைகள் வளர்ந்த பிறகுதான் கேள்விகள் வந்தன. 2004-ல் மயாமியிலிருந்து பெர்க்கோவிட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஒப்பீடு, இந்த முறையில் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்குப் பற்கள் மாறிக் கடிக்கும் குறுக்குக்கடி அதிகம் என்றது. அதற்கு ஒரு வருடம் முன்பு பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வு, பெரிய வித்தியாசம் இல்லை என்றது. எது எப்படியோ, பதில் தெரிய ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்து வர வேண்டியிருந்தது. அவர்களில் யாரிடமும் சம்மதம் கேட்டிருக்க முடியாது.

இலங்கை சொன்ன பதில்

மேல்தாடை ஏன் வளரவில்லை? பிளவு காரணமா, தைத்த தழும்பு காரணமா? இதற்கு விடை தேட, தைக்கப்படாமலேயே பெரியவர்களானவர்களைப் பார்க்க வேண்டும். பணக்கார நாடுகளில் அப்படிப்பட்டவர்கள் அரிது. 1980-களில் லண்டனைச் சேர்ந்த மைக்கேல் மார்ஸ் குழுவினர் இலங்கையில் சிகிச்சைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, அறுவை சிகிச்சையே கிடைக்காமல் வளர்ந்தவர்கள் பலர் அங்கே வந்தார்கள். 1990-ல் மார்ஸும் ஹூஸ்டனும் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான்: தைக்கப்படாதவர்களின் மேல்தாடை ஏறக்குறைய இயல்பாக வளர்ந்திருந்தது. உதட்டையும் அண்ணத்தையும் சிறுவயதில் தைத்துக்கொண்டவர்களின் தாடைதான் பின்தங்கியிருந்தது.

"அப்படியானால் தைக்காமல் விட்டுவிடலாமே" என்று தோன்றும். முடியாது. அண்ணத்தைச் சரியான வயதில் மூடாவிட்டால் பேச்சு சரியாக வராது. பேச்சா, முகமா என்ற கேள்விக்கு மருத்துவம் பேச்சு என்று பதில் சொன்னது. சரியான பதில்தான். ஆனால் அதற்கான விலையை அந்தக் குழந்தை 12 வயதில் தாடையில் கட்டுகிறது. நான் பார்த்த பையனின் தாடை உள்ளே போனதற்கு யாருடைய அலட்சியமும் காரணமில்லை. அவனைப் பேச வைத்த தழும்பே அவன் தாடையைப் பிடித்து வைத்திருக்கிறது. வசதி இல்லாததால் சிகிச்சை பெறாமல் போனவர்களின் முகங்கள்தான் இந்த உண்மையை உலகத்துக்குச் சொல்லின என்பது இன்னொரு வருத்தம்.

திருகாணி வந்தது

1983-ல் அமெரிக்காவின் கிரீக்மோர், எக்லண்ட் இருவரும் ஒரு பெண்ணின் மூக்கடி எலும்பில் ஒரு திருகாணியைப் பொருத்தி, முன்பற்களை 6 மில்லிமீட்டர் மேலே தூக்கிக் காட்டினார்கள். 1997-ல் ஜப்பானின் கனோமி 1.2 மில்லிமீட்டர் தடிமனே உள்ள குட்டித் திருகாணியை அறிமுகப்படுத்தினார். பல்வேர்களுக்கு இடையிலேயே வைத்துவிடலாம். 1999-ல் சென்டாய் நகரத்துக் குழு டைட்டானியத் தகடுகளைக் கீழ்த்தாடை எலும்பில் பொருத்தும் முறையை வெளியிட்டது. அதன் பிறகு உலகம் முழுக்கத் திருகாணி மழை!

பிளவு உள்ளவர்களின் பக்கம் என்ன நடந்தது? 1997-ல் சிகாகோவின் பாலி, ஃபிகரோவா இருவரும் மண்டையோட்டில் ஒரு சட்டத்தைத் திருகி, அறுத்துப் பிரித்த மேல்தாடையை நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் முன்னே இழுத்தார்கள். கிங்ஸ்லியின் தலைப்பட்டை இரும்பாக மாறித் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000-ல் சிங்கர், ஹென்றி, ரோசன்பர்க் ஆகியோர் தைக்கப்பட்ட பிளவு உள்ள 12 வயதுச் சிறுமிக்குக் கன்ன எலும்பின் அடித்தூணில் டைட்டானிய வேர்களை வைத்து, 6 மாதம் ஒட்ட விட்டு, அதிலிருந்து ஃபேஸ் மாஸ்க்கை இழுத்தார்கள். ஒரு பக்கத்துக்கு 400 கிராம், ஒரு நாளைக்கு 14 மணி நேரம், 8 மாதம். தாடை 4 மில்லிமீட்டர் முன்னும் கீழுமாக வந்தது.

பிறகு பெல்ஜியத்தின் ஹியூகோ தெ கிளெர்க், சட்டமே வேண்டாம் என்றார். மேலே இரண்டு தகடு, கீழே இரண்டு தகடு, நடுவே ரப்பர். 150 கிராமில் தொடங்கி 250 கிராம் வரை. சாப்பாட்டு நேரம் தவிர நாள் முழுக்கப் போட்டுக்கொள்ளலாம், வெளியே எதுவும் தெரியாது. பிரேசிலின் பவுரு நகரில் அண்ணப் பிளவுக்கென்றே இயங்கும் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட முப்பரிமாண ஆய்வு, பிளவு உள்ள குழந்தைகளிடமும் இந்த முறையில் மேல்தாடை முன்னே வருவதைக் காட்டியது. வளர்ந்த பிறகு தாடையை அறுத்து நகர்த்தும் பெரிய அறுவை சிகிச்சை எத்தனை பேருக்கு மிச்சமாகும் என்பது அவர்கள் வளர்ந்து முடித்த பிறகுதான் தெரியும்.

எங்கே வைப்பது?

இப்போது பாடப்புத்தகப் படத்துக்கு வருகிறேன். மேல்தாடையில் திருகாணி வைக்க நல்ல இடம் எது என்று கேட்டால், அண்ணத்தின் முன்பகுதியில், நடுக்கோட்டுக்கு ஒட்டி என்று எழுதுவோம். எலும்பு கெட்டி, சதை மெல்லிசு, பல்வேர் தொந்தரவு இல்லை. தேர்வில் முழு மதிப்பெண்.

அந்தப் பையனின் வாயைப் பார்த்தேன். நடுக்கோடே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தழும்பு. தழும்புக்கு மேலே எலும்பு இல்லாமலும் இருக்கலாம். திருகாணி நேராக மூக்குக்குள் போய் நிற்கும். தழும்புச் சதை தடிமனாக இருப்பதால் குட்டித் திருகாணியின் பெரும்பகுதி சதையிலேயே தங்கிவிடும், எலும்பைப் பிடிப்பது கொஞ்சம்தான். ஆகவே முப்பரிமாண சி.டி. எடுத்து, பிளவின் ஓரத்தை விட்டுத் தள்ளி, எலும்பு எங்கே மீதமிருக்கிறது என்று ஒவ்வொரு வாயிலும் தனித்தனியாகத் தேட வேண்டும். இல்லாவிட்டால் கன்ன எலும்பின் அடிப்பகுதிக்குப் போக வேண்டும். பாய்னும் சாண்ட்ஸும் 1972-ல் எழுதிக் காட்டிய வழியில் பிளவை எலும்பு ஒட்டால் நிரப்பியிருந்தால், அது இரண்டு துண்டுகளையும் இணைக்கும் பாலம். பாலம் உறுதியான பிறகு தாடை ஒரே துண்டாக நகரும்.

சாதாரண வாயிலேயே பத்தில் ஒன்றுக்கு மேல் குட்டித் திருகாணிகள் ஆடிப் போகின்றன. போனால் பக்கத்தில் இன்னொன்று வைத்துவிடலாம். இங்கே அந்தப் 'பக்கத்தில்' என்பதே அரிதான பொருள்.

எனக்கு உறுத்துவது இதுதான். இந்தத் துறை எலும்பைப் பிடிக்கக் கற்றுக்கொண்டதில் அண்ணம் பிளந்தவர்களின் பங்கு பெரிது. ஆனால் கற்றதைப் படமாக வரைந்தபோது பிளவில்லாத அண்ணத்தைத்தான் வரைந்தோம். அவர்கள் கடைசி அத்தியாயத்தில் 'சிறப்பு நிலைகள்' என்ற தலைப்பின் கீழ் வருகிறார்கள்.

அந்த அம்மாவின் கேள்விக்கு இன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியும். குட்டித் திருகாணி என்றால், மரத்துப்போக ஓர் ஊசி, சில நிமிட வேலை. அதை ஆபரேஷன் கணக்கில் சேர்க்க வேண்டாம். தகடு என்றால், ஆமாம் அம்மா, இது நாலாவது. கழற்றும்போது ஐந்தாவது. அதற்குப் பிறகும் 18 வயதில் பெரிய ஆபரேஷன் தேவைப்படாது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் இந்த வயதை விட்டால் தாடையை அறுக்காமல் இழுக்கும் வாய்ப்பு திரும்ப வராது. முடிவை நீங்களும் பையனும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். அவனுக்கு 12 வயது ஆகிறது, அவனிடமும் கேட்க வேண்டும்.

அடுத்த விசிட்டில் நான் அந்தப் பிரிவில் இருக்க மாட்டேன், போஸ்டிங் முடிந்துவிட்டது. என் இடத்துக்கு வரும் வகுப்புத் தோழர் இதைப் படித்திருந்தால், தயவுசெய்து அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.